நோர்வேஜியக் கூட்டுச் சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நோர்வேஜியம் பேசிப் பழக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. பாதிப் பேர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதன்மை அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ' என்று போட்டிருக்கிறேன். இரண்டு சொல் ஒட்டும் இடத்தில் + வரும். எஸ், ஈ, ஆர், என், டீ, கே என்று வருபவை ரோமன் எழுத்துகளின் ஆங்கிலப் பெயர்கள். உச்சரிப்பு ஒஸ்லோப் பக்கத்துப் பேச்சுப்படி. 'த' என்று எழுதியதை நாக்குப் பல்லில் படச் சொல்லுங்கள், 'ட', 'ண' என்று எழுதியதை நாக்கை வளைத்துச் சொல்லுங்கள். 'காக்கெ' போன்றவற்றில் இரண்டு க போட்டது ஒலி மெலியாமல் இருக்கத்தான், அங்கே அழுத்தி நிற்க வேண்டாம்.

இந்த நீள நீளச் சொல்லெல்லாம் எங்கயிருந்து வருது? அகராதியில தேடினா பாதி இல்லையே!

இருக்காது. நோர்வேஜியத்தில் இரண்டு சொல்லை ஒட்டிப் புதுச் சொல் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். காலையில் ஒருவர் தேவைக்கு ஒட்டுவார், மாலையில் அது பத்திரிகையில் வந்துவிடும். இப்படி ஒட்டியதைச் 'சம்மென்சத் ஊர்' என்பார்கள், கூட்டுச் சொல். அகராதியில் இல்லையென்றால் பிரித்துத் தேடுங்கள், துண்டுகள் கட்டாயம் இருக்கும்.

பிரித்த பிறகு கடைசித் துண்டிலிருந்து பொருள் கொள்ளுங்கள். 'ஹூஸ்+தாக்' என்பது ஒரு கூரை, வீட்டுக்கு உரியது. 'ஃபிஸ்கெ+காக்கெ' என்பது மீனில் செய்த வடை மாதிரியான ஒன்று. பால், பன்மை, விகுதி எல்லாமே கடைசித் துண்டைப் பொறுத்தவை. அழுத்தம் மட்டும் முதல் துண்டுக்குப் போகும்.

அப்ப முதல் எழுத்தில அழுத்தினாச் சரியா?

பெரும்பாலும் சரி, ஆனால் விதி அதுவல்ல. தனியாக நிற்கும்போது முதல் துண்டு எந்த அசையில் அழுத்தம் வாங்குகிறதோ, ஒட்டிய பிறகும் அதே அசையில்தான் வாங்கும். நோர்வேஜியத்தின் சொந்தச் சொற்களில் அது பெரும்பாலும் முதல் அசை என்பதால் 'ஹூஸ்+தாக், 'சொம்மெர்+ஃபேரியெ (கோடை விடுமுறை) என்று வரும்.

பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த சொற்களில் அழுத்தம் பின்னால் இருக்கும். சாக்லேட் என்பது ஷொகொ'லாதெ. அதனால் சாக்லேட் கேக் ஷொகொ'லாதெ+காக்கெ. முதல் அசையான 'ஷொ'வில் அழுத்தினால் கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். வாழைப்பழம் ப'னான், வாழைப்பழக் கேக் ப'னான்+காக்கெ. பல்கலைக்கழகம் உனிவர்ஷி'தேத், அங்கே படிப்பிப்பவர் உனிவர்ஷி'தேத்ஸ்+லேரர். மீன் துண்டு போடும் ஆலை ஃபி'லே+ஃபப்ரிக். 1980களில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு இந்தக் கடைசிச் சொல் பாடப் புத்தகத்துக்கு முன்னாலேயே அறிமுகம்.

ஆகவே புதுச் சொல்லைக் குறித்து வைக்கும்போது அதன் அழுத்தத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். அது முதல் துண்டாகப் போகும் எல்லாக் கூட்டுச் சொற்களுக்கும் அந்த ஒரு குறிப்பே போதும்.

எல்லா அசையையும் ஒரே அளவா, தெளிவாச் சொன்னா போதாதாங்க? ஒலி சரியா இருந்தா புரியாதா?

நான் பார்த்தவரை புரியாது. ஒலி கொஞ்சம் பிசகினால் நோர்வேக்காரர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அழுத்தம் பிசகினால் அவர்கள் மனதில் வேறு சொல் எழும், அல்லது எதுவுமே எழாது. தமிழில் அழுத்தத்தை மாற்றிப் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. சிக்கல் நாக்கில் இல்லை.

நல்ல உதாரணம் 'நொஷ்க்+லேரர். ஒரே அழுத்தத்தில் சொன்னால் நோர்வேஜிய மொழி படிப்பிக்கிற ஆசிரியர். அவர் திருநெல்வேலிக்காரராகக்கூட இருக்கலாம். அதையே இரண்டு சொல்லாக, 'நொஷ்க் 'லேரர் என்று இரண்டாவதை இன்னும் தூக்கிச் சொன்னால், நோர்வே நாட்டவரான ஓர் ஆசிரியர். அவர் கணிதம் படிப்பிக்கலாம். 'ரோ+வீன் என்பது ஒரு வகை, சிவப்பு வைன். 'ரோ 'வீன் என்றால் சிவப்பாக இருக்கிற ஏதோ ஒரு வைன். 'ஸ்தூர்+பீ மாநகரம், 'ஸ்தூர் 'பீ பெரிய ஊர்.

எழுதும்போது இடைவெளி விட்டா என்ன குறைஞ்சிடும்? வாசிக்கச் சுகமா இருக்கே.

மேலே சொன்ன பொருள் வேறுபாடு எழுத்திலும் வரும், அதுதான் குறை. 'ரோய்க்+ஃப்ரித் என்று சேர்த்தால் புகையற்ற இடம், புகைக்கக் கூடாது. பிரித்து எழுதினால் 'தாராளமாகப் புகை பிடி' என்ற கட்டளை! 'லம்மெ+லோர் ஆட்டுத் தொடை. பிரித்தால் மரத்துப்போன தொடைகள். 'அன்னாசி வளையங்கள்' என்று டின்னில் இருக்க வேண்டியது, பிரித்தால் 'அன்னாசி போன் பண்ணுகிறது' என்றாகிவிடும். இந்தத் தவறுக்குச் 'சேர்ஷ்க்ரீவிங்' என்று பெயர். இதில் நோர்வேக்காரர்களும் தாராளமாக விழுகிறார்கள். ஆங்கிலப் பழக்கம் ஒரு காரணம், நீளமான சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போடும் போனும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதன்மை அழுத்தம் ஒன்றுதான் என்றால் சேர்த்து எழுதுங்கள். பெயர்ச்சொற்களுக்கு இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும்.

முதல் துண்டில அழுத்திப்போட்டு மிச்சத்தை விழுங்கிவிடலாமா? ஆங்கிலத்தில அப்பிடித்தானே?

விழுங்கக் கூடாது. இரண்டாம் துண்டுக்கும் தன் பழைய இடத்தில் ஓர் இரண்டாம் நிலை அழுத்தம் மிஞ்சும். 'பீத்ரிக்' என்பார்கள். அது முதன்மை அழுத்தம்போலத் தூக்கலாக இருக்காது, ஆனால் உயிரின் நீளத்தை அப்படியே காப்பாற்றும்.

நோர்வேஜியத்தில் அழுத்தம் வாங்கிய அசை எப்போதும் கனமானது. உயிர் நெடிலாக இருக்கும், அல்லது உயிர் குறுகிப் பின்னால் மெய் நீளும். கூரை 'தாக்', நன்றி 'தக்க்'. 'ஹூஸ்+தாக் என்னும்போதும் 'தாக்' நெடிலாகவே நிற்க வேண்டும். அதைக் குறுக்கினால் 'வீட்டு நன்றி' என்று ஆகிவிடும். குறில் நெடில் பார்த்துப் பேசி வளர்ந்தவர்களுக்கு இது சுலபம். வகுப்பில் மற்ற நாட்டவர்கள் திணறும் இடத்தில் நாம் சும்மா கடந்துபோகிறோம்.

'ஹூஸ் ஐயர்' எண்டு சொன்னன், வீட்டுக்காரருக்கு விளங்கேல்லை. ஏன்?

நீங்கள் அநேகமாக 'ஹூ-சையர்' என்று சொல்லியிருப்பீர்கள். மெய்யின் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்வது நம் வழக்கம். அவல் என்றதோடு 'உண்டு' சேர்ந்தால் 'அவலுண்டு' என்று ஆகிவிடும், யோசிப்பதே இல்லை. நோர்வேஜியக் கூட்டுச் சொல்லில் அப்படி ஏற்றினால் ஒட்டிய இடம் காதுக்கு மறைந்துபோகும். வீட்டு உரிமையாளர் 'ஹூஸ்+ஐயர். (நம் ஐயருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, 'ஐயர்' என்றால் உரிமையாளர்.) 'சையர்' என்பதோ வெற்றி என்ற வேறு சொல்.

இதே ஆபத்து உயிரில் தொடங்கும் எல்லா இரண்டாம் துண்டுகளுக்கும் உண்டு. மாணவர் பத்திரிகை ஸ்து'தென்த்+அவீஸ், உணவுத் தொழில் 'மாத்+இந்துஸ்த்ரி. இடையில் மூச்சை நிறுத்தச் சொல்லவில்லை. வேகமாகப் பேசும் நோர்வேக்காரரும் நிறுத்துவதில்லை. இரண்டாம் துண்டின் அழுத்த அசைக்கு முந்தைய கேள்வியில் சொன்ன கனத்தைக் கொடுத்தால், ஒட்டு தானாகத் தெரியும்.

நடுவுல ஒரு எஸ் இல்லன்னா ஈ வருதே, அது யாரோடது? முன்னாடி இருக்கிறதுக்கா, பின்னாடி இருக்கிறதுக்கா?

முன்னால் இருப்பதற்கு. அதை 'ஃபூகெ' என்பார்கள், இணைப்பெழுத்து. வாழை, பழம் சேரும்போது நடுவில் 'ப்' வருகிறதே, அதேபோல அதற்குத் தனிப் பொருள் இல்லை. 'அர்பைத்ஸ்+ப்லஸ் (வேலையிடம்), 'பாணெ+ஹாகெ (சிறுவர் பள்ளி), 'யூலெ+த்ரே (நத்தார் மரம், அதாவது கிறிஸ்துமஸ் மரம்). பேச்சிலும் வரிப் பிரிப்பிலும் அந்த எஸ்ஸோ ஈயோ இடது பக்கத்தோடேயே போகும்.

இது முக்கியம். எஸ்ஸை வலப்பக்கம் தள்ளினால் 'அர்பைத்-ஸ்ப்லஸ்' என்று ஒரு புதுச் சொல் பிறக்கும், கேட்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

எப்ப எஸ் போடுறது, எப்ப போடக்கூடாது? விதி இருக்கோ?

முழு விதி இல்லை, நல்ல சாய்வுகள் உண்டு. -ஹேத், -தொம், -ஷ்காப், -ஷூன், -தேத், -இங் என்று முடியும் சொற்களுக்குப் பின்னால் எஸ்ஸை எதிர்பாருங்கள். 'சிக்கெர்ஹேத்ஸ்+பெல்தெ, அதாவது பாதுகாப்புப் பட்டி, ஓர் உதாரணம். முதல் துண்டு உயிரில் முடிந்தால் பெரும்பாலும் எதுவும் வராது. 'பாணெஹாகெ+ப்லஸ் என்பதில் பாருங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு வழியும் உண்டு. நத்தார் மரம் 'யூலெ+த்ரே, நத்தார் முந்தைய நாள் 'யூல்+அஃப்தென். இவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மூண்டு நாலு சொல் ஒட்டினா அழுத்தம் எத்தனை?

முதன்மை அழுத்தம் அப்போதும் ஒன்றுதான், முதல் துண்டில். வதிவிட அனுமதி 'ஒப்ஹொல்ஸ்+தில்லாத்தெல்செ. தாய்மொழி ஆசிரியர் 'மூஷ்+மோல்ஸ்+லேரர். குடிவரவுத் திணைக்களம் 'ஊத்லென்னிங்ஸ்+திரெக்தொராத்தெ. இது எவ்வளவு நீண்டாலும் உச்சி 'ஊத்'தில்தான். பின்னால் 'ரா'வில் இரண்டாம் நிலைக் கனம் வரும். 'திரெக்தொராத்' தனியாக நின்றால் அழுத்தம் வாங்கும் இடம் அதுதான்.

நீளமான சொல்லில் முதலில் பெரிய ஒட்டு எது என்று தேடுங்கள். இங்கே இணைப்பெழுத்து எஸ் நல்ல துப்பு. வைன் கிண்ணம் வெறும் 'வீன்+க்லஸ், எஸ் இல்லை. சிவப்பு வைன் கிண்ணமோ 'ரோவீன்ஸ்+க்லஸ், எஸ் வந்துவிட்டது. முதல் துண்டே ஏற்கனவே ஒரு கூட்டுச் சொல் என்றால் எஸ் வருவது அதிகம், அந்த எஸ் 'பெரிய ஒட்டு இங்கே' என்று காட்டும். எப்போதும் அல்ல. கால்பந்துச் சப்பாத்து, 'ஃபூத்பல்+ஸ்கூ, எஸ் வாங்காமலே நிற்கிறது.

நீளச் சொல்லைப் பழகும்போது பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் 'திரெக்தொ'ராத்தெ', அது வாய்க்கு வந்த பிறகு முன்னால் 'ஊத்லென்னிங்ஸ்' போட்டு உச்சியை அங்கே நகர்த்துங்கள்.

வரி முடியுற இடத்துல சொல்லை எங்க வெட்டணும்? அசை பார்த்தா, ஒட்டுப் பார்த்தா?

கூட்டுச் சொல் என்றால் ஒட்டுத்தான் முதல். 'ஃபூத்-பல்', 'அர்பைத்ஸ்-ப்லஸ்', 'பாணெ-ஹாகெ' என்று வெட்டுங்கள். ஒட்டுப்படாத தனிச் சொல்லை வெட்ட வேண்டியிருந்தால், பொதுவழி ஒரு மெய்யை அடுத்த வரிக்குக் கொடுப்பது. சிறுமி என்ற சொல் 'யென்-தெ' என்று பிரியும்.

இப்போது இதைக் கையால் செய்பவர்கள் குறைவு. கணினியில் ஆவணத்தின் மொழி நோர்வேஜியம் என்று வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் விட்டால் ஒட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நடுவில் வெட்டிவிடும், வேலை விண்ணப்பத்தில் அது அழகாக இருக்காது.

பஸ் ஸ்டாப்புக்கு மூணு எஸ் வரணுமே, ரெண்டுதானே போட்டிருக்காங்க?

சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஒட்டும் இடத்தில் ஒரே மெய்யெழுத்து மூன்று சேர்ந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டும். 'புஸ்' இரண்டு எஸ்ஸில் முடிகிறது, 'ஸ்தொப்' ஓர் எஸ்ஸில் தொடங்குகிறது, சேர்த்து எழுதும்போது இரண்டுதான். இரவு ரயிலான 'நத்+தோக் இரண்டு டீயோடு நிற்கும், போக்குவரத்து நெரிசலான த்ரா'ஃபிக்+கொர்க் இரண்டு கேயோடு.

வேடிக்கை என்னவென்றால், சரியாக அந்த ஒட்டில் வரி முடிந்தால் விட்ட எழுத்து திரும்பி வந்துவிடும்: மேல் வரியில் இரண்டு எஸ், கீழ் வரியில் ஒன்று. நோர்வேயின் தேசிய நாளான மே 17 ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வாசித்துப் போகும் இசைக்குழு மு'சிக்+கொர்ப்ஸ். இதை எழுதும்போது 'மு-சி-கொர்ப்ஸ்' என்று கண் வாசிக்கும். 'மு'சிக்' என்ற சொல் உள்ளே இருக்கிறது, அழுத்தம் 'சி'யில், என்று தெரிந்தால் ஒட்டு தவறாது.

'பில்தெ-லிங்' எண்டு வாசிச்சன், எல்லாரும் சிரிச்சவை. அது என்ன சொல்?

'பீல்+தேலிங். 'பீல்' கார், 'தேலிங்' பகிர்வு. ஒரு காரைப் பலர் மாறி மாறி வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடு. எழுத்தில் பார்த்தால் முதல் ஐந்து எழுத்தும் 'பில்தெ', அதாவது படம் என்ற சொல்லாகத் தெரியும். படப் பகிர்வுக்கு 'பில்தெ+தேலிங் என்று இன்னும் இரண்டு எழுத்து கூடுதலாக வேண்டும். கார் உதிரிப் பாகங்களான 'பீல்+தேலெர் என்பதிலும் இதே பொறி இருக்கிறது.

ஒட்டை மாற்றி வைத்தால் அழுத்த அசையின் நீளமே மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்: 'பீல்' நெடில், 'பில்தெ' குறில். எழுதுகிறவர் குழப்பம் வரும் என்று நினைத்தால் ஒட்டில் ஒரு சிறு கோடு போடலாம், தவறில்லை. போடாதபோது சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆர் எழுத்து இருக்கு, ஆனா யாரும் அதைச் சொல்றதில்லையே. ஒட்டுற இடத்துல காணாமப் போகுதா?

காணாமல் போகவில்லை, பின்னால் வரும் எழுத்தோடு கலந்துவிடுகிறது. ஒஸ்லோப் பேச்சில் ஆருக்குப் பின் என் வந்தால் 'ண', டீ வந்தால் 'ட', எஸ் வந்தால் 'ஷ'. குழந்தை 'பாண்', அட்டை 'கொட்', நோர்வேஜியம் 'நொஷ்க்'. நம்மிடம் 'ண'வும் 'ட'வும் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகுவதை நாம் காசு கொடுக்காமல் வைத்திருக்கிறோம், அதைப் பயன்படுத்தாமல் 'பார்ன்' என்று கஷ்டப்படுவானேன்?

இது ஒட்டைத் தாண்டியும் நடக்கும். 'வோர்', 'சூல்' இரண்டும் சேர்ந்த வசந்தகாலச் சூரியன் 'வோ+ஷூல் என்று காதில் விழும். 'சொம்மெர்', 'தாக்' சேர்ந்த கோடை நாள் 'சொம்மெ+டாக். (இந்தத் 'தாக்' நாள். கூரை என்ற 'தாக்' வேறு சொல், தமிழில் எழுதினால்தான் ஒன்றுபோலத் தெரியும்.) அதாவது கண்ணுக்கு ஒட்டு இரண்டு எழுத்துக்கும் நடுவில், காதுக்கோ இரண்டும் ஒரே ஒலி. எழுதுவதில் எதுவும் மாறாது. பேர்கன், ஸ்தவாங்கர், க்ரிஸ்தியான்சன் பக்கம் ஆரைத் தொண்டையில் சொல்வதால் இந்தக் கலப்பு இல்லை, அங்கே 'பார்ன்'தான்.

'ஃபொர்' எண்டு தொடங்குற சொல்லெல்லாம் ஒண்டுக்கொண்டு முரணா இருக்கே?

இருக்கும், ஏனென்றால் அவை இரண்டு வகை. ஒன்றில் அது வெறும் முன்னொட்டு, அழுத்தம் வாங்காது: ஃபொ'ஷ்தோ (புரிந்துகொள்), ஃபொர்'பீ (தடை செய்). 'பெ' முன்னொட்டும் இதே கட்சி: பெ'தாலெ (பணம் செலுத்து). மற்றதில் அது ஒரு முழுத் துண்டு, கூட்டுச் சொல் விதிப்படி அழுத்தம் வாங்கும்: 'ஃபோணவ்ன் (முதற்பெயர்), 'ஃபொஷ்லாக் (முன்மொழிவு).

தொல்லை எங்கே என்றால் ஒரே குடும்பத்துக்குள். தடை செய்வது ஃபொர்'பீ, தடை என்ற பெயர்ச்சொல் 'ஃபொர்பூத். வினை, பெயர் இரண்டையும் சோடியாகவே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 'ஊத்', 'ஒப்', 'அன்' ஆகியவை இந்தத் தொல்லை தருவதில்லை, அவை முன்னால் வந்தால் அழுத்தம் வாங்கிவிடும்.

'ஸ்தோ ஒப்', 'ஒப்ஸ்தோ' ரெண்டும் ஒண்டுதானே, திருப்பிப் போட்டது?

இல்லை. ஸ்தோ 'ஒப் என்றால் எழுந்திரு, இரண்டு சொல், அழுத்தம் பின்னால். 'ஒப்+ஸ்தோ என்றால் ஒரு பிரச்சினையோ நிலைமையோ உருவாவது, ஒரு சொல், அழுத்தம் முன்னால். 'ஒப்' எங்கே நின்றாலும் அழுத்தம் அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பொருளை மட்டும் மாற்றிவிடாதீர்கள். காலையில் யாரும் 'உருவாவதில்லை'.

க்ரிஸ்தியான்சன் ஊர்ப் பெயர்ல மட்டும் கடைசியில அழுத்துறாங்க. விதி எங்க போச்சு?

ஊர்ப் பெயர்கள் விதிக்கு அடங்க மறுக்கிற கூட்டம். தெற்கே உள்ளது க்ரிஸ்தியான்'சன், மேற்குக் கரையில் வடக்கே உள்ளது க்ரிஸ்தியான்'சுன். இரண்டும் அரசர்கள் பெயரில் எழுந்த ஊர்கள். முன்னது 1641-இல் நான்காம் க்ரிஸ்தியான் நிறுவியது, பின்னது 1742-இல் ஆறாம் க்ரிஸ்தியான் பெயரை வாங்கியது. 'க்ரிஸ்தியானுடைய' என்று தொடங்கும் பழைய சொற்றொடர்தான் ஒரு சொல்லாக இறுகியது, அழுத்தம் சொற்றொடருக்கு உரியபடி பின்னாலேயே தங்கிவிட்டது. இரண்டு ஊரும் குழம்பாமல் இருக்கப் பின்னால் தெற்கு, வடக்கு என்பதற்கு ஓர் எழுத்துச் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு.

'த்ரொன்ஹைம், 'லில்லெஹம்மெர், 'ஹெளகெசுன் எல்லாம் ஒழுங்காக முன்னால் அழுத்துபவை. ஊர்ப் பெயரைப் பொறுத்தவரை ரயில் அறிவிப்பைக் கேட்பதுதான் வழி. ஊர் அல்லாத சொற்களிலும் சில விலகல்கள் இருக்கின்றன: ஓவர்'அல்த் (எல்லா இடமும்), ஃபொர்'ரெஸ்தென் (அதுசரி, இன்னொன்று).

ஊதேஈ, என்ஆர்கோ மாதிரிச் சுருக்கங்களோட ஒட்டினா?

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் சுருக்கங்களில் அழுத்தம் பொதுவாகக் கடைசி எழுத்தில். குடிவரவுத் திணைக்களம் ஊதே'ஈ, தேசிய ஒலிபரப்பு என்ஆர்'கோ. இரண்டாம் கேள்வியின் விதி இங்கேயும் அப்படியே: முதல் துண்டின் சொந்த இடம் மாறாது. ஆகவே திணைக்களத்தின் முடிவு ஊதே'ஈ+வேத்தாக். எழுதும்போது சுருக்கத்துக்குப் பின்னால் சிறு கோடு கட்டாயம்.

இன்னொரு கோடும் உண்டு. 'கோடை, குளிர்கால விடுமுறை' என்று இரண்டு கூட்டுச் சொற்களுக்குப் பொதுவான பின் துண்டை ஒருமுறை மட்டும் எழுதினால், முதல் சொல்லின் முடிவில் ஒரு கோடு தொங்கும்: 'சொம்மெர்- ஒ 'விந்தெர்ஃபேரியெ. பேசும்போது இரண்டுக்கும் அழுத்தம் உண்டு.

தோனேம் எண்டு ஒண்டு சொல்றாங்கள். அதையும் படிக்க வேணுமோ?

அழுத்தம் பிடிபட்ட பிறகு, ஆசையிருந்தால். தோனேம் என்பது அழுத்த அசையிலிருந்து தொடங்கும் இசை, அது இரண்டு வகை. ஒஸ்லோப் பக்கம் முதல் வகை தாழ்வில் தொடங்கி ஏறும், இரண்டாம் வகை உயரத்தில் தொடங்கி இறங்கிப் பிறகு ஏறும். விவசாயிகள், அவரைகள் இரண்டும் காதுக்கு 'போன்னெர்'. முதலாவது முதல் இசை, இரண்டாவது இரண்டாம் இசை. சட்டம், வைக்கோல் களஞ்சியம் இரண்டும் 'லோவென்', அதே வேறுபாடு.

கூட்டுச் சொற்களில் நடுவில் ஈ இணைந்தால் இரண்டாம் இசையை எதிர்பாருங்கள்: 'பாணெ+ஹாகெ, 'யூலெ+த்ரே. முதல் துண்டு ஓரசைச் சொல் என்றால் இரண்டில் எதுவும் வரலாம். ஸ்டாக்ஹோம் ஸ்வீடியத்தில் கூட்டுச் சொல் என்றாலே அநேகமாக இரண்டாம் இசை. நோர்வேஜியம் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை.

ஆனால் ஃபின்மார்க்கின் பெரும்பகுதியிலும் பேர்கனுக்கு வடக்கே சில இடங்களிலும் இந்த வேறுபாடே இல்லை, அவர்களும் நோர்வேக்காரர்கள்தான். மீன் ஆலைக் காலத்தில் வடக்கே மொழி பழகிவிட்டுத் தெற்கே இறங்கிய பலர் இன்றும் தோனேம் இல்லாமலே பேசுகிறார்கள், யாருக்கும் விளங்காமல் போனதில்லை. என் கணக்கில் தோனேம் தவறினால் 'வெளியூர்ப் பேச்சு' என்று நினைப்பார்கள், அழுத்தம் தவறினால் 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்பார்கள்.

எங்கட பக்கத்து வீட்டுத் தாத்தா 'பனன்' எண்டு முன்னுக்கு அழுத்துறார். ப'னான் எண்டு நீங்கள் சொன்னது பிழையோ?

இரண்டும் சரி. கிழக்கு நோர்வே, த்ரொண்டலாக் பகுதிகளின் ஊர்ப் பேச்சில் வெளியிலிருந்து வந்த சொற்களையும் இழுத்து முதல் அசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்: 'பனன், 'அவிஸ், 'பூலிதி (பொலிஸ்). அங்கே கூட்டுச் சொல்லும் அதன்படியே நடக்கும். தாத்தா வாழைப்பழக் கேக்கையும் முதல் அசையில் அழுத்தித்தான் சொல்வார்.

நீங்கள் எதைப் பின்பற்றுவது? வகுப்பிலும் செய்தியிலும் கேட்பது ப'னான் என்பதால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பாதி அப்படி, பாதி இப்படிக் கலப்பதைவிட ஒன்றில் நிற்பது நல்லது. தாத்தாவைத் திருத்தப் போகாதீர்கள்.

மண்டாக், திஷ்டாக் எல்லாம் கூட்டுச் சொல்தானே? ஏன் 'மன்தா' எண்டு முடிச்சிடுறாங்கள்?

பழைய ஒட்டு, தேய்ந்துவிட்டது. கிழமைப் பெயர்களில் 'தாக்' என்பதன் இரண்டாம் நிலைக் கனம் சாதாரணப் பேச்சில் போய், கடைசி மெய்யும் போய், 'மன்தா', 'ஃப்ரேதா' என்று நிற்கும். ஒரே சொல்லாக நினைத்தே பழகுங்கள். ('மண்டாக்' என்று 'ண' போட வேண்டாம், அங்கே ஆர் இல்லையே.)

அழுத்தத்தை எங்க பார்த்து உறுதிப்படுத்துறது? நோர்ஷ்க்ப்ரோவெக்கு இது மதிப்பெண்ணா?

நோர்ஷ்க்ப்ரோவெ என்ற நோர்வேஜிய மொழித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் உச்சரிப்பையும் பார்க்கிறார்கள். குடியுரிமைக்கு 2022 அக்டோபர் முதல் வாய்மொழியில் பி1 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடு நிலை) கேட்கிறார்கள். அந்த நிலையில் உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டியதில்லை, கேட்பவர் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்காமல் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கூட்டுச் சொல் அழுத்தம் பெரிய உதவி.

எழுத்து வடிவத்துக்கும் இணைப்பெழுத்துக்கும் மொழி மன்றமான ஸ்ப்ரோக்ரோதெயும் பேர்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் 'பூக்மோல்ஸ்+ஊர்பூக்கா என்ற அகராதி இலவசமாக இணையத்தில் இருக்கிறது. உச்சரிப்பு வேண்டுமென்றால் நோர்வே அகாதமியின் அகராதிக்குப் போங்கள், அங்கே அழுத்தம், தோனேம் இரண்டும் குறித்திருக்கும், அதுவும் இலவசம். இரண்டிலும் இல்லாத புதுக் கூட்டுச் சொல் என்றால் முதல் துண்டை மட்டும் தேடுங்கள்.